மொய் நோட்டைப் படிக்கக் குடுங்க மாப்ளே

வாங்க மாப்ளே, இப்படித் திண்ணையில உக்காருங்க. இந்த வருசம் பி.சி.ஏ. பிள்ளைகளுக்கு சிஸ்டம் டிசைன் நீங்கதான் எடுக்குறீகளாம்ல, பேத்தி சொன்னா. போர்டு முழுக்கக் கட்டம் கட்டமாப் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் அம்பு விட்டீகளாம். கட்டம் போட நம்ம ஊருல ஜோசியர் ஒருத்தர்தான் இருந்தாரு. பாவம், அவருக்கும் போட்டி வந்துருச்சு.

கடைசி வருசம் வந்தா அம்புட்டுப் பயலும் ‘லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்’தான் செய்யிறானாம். அதுல பாதிப் பேரு லைப்ரரி வாசல்ல செருப்பைக் கழட்டுனதே கிடையாது. மீதிப் பேரு திருச்சியில காசு குடுத்து வாங்கிட்டு வந்து முதப் பக்கத்துல பேரை மட்டும் மாத்துறான். ஒரு பய நன்றியுரையில கிடந்த வேற காலேஜு பேரை மாத்த மறந்துட்டானாமே? அதுக்கும் நல்ல மார்க்குப் போட்டீகளாம். உங்க மனசு யாருக்கு வரும்!

நான் படிக்காதவன், சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது. முத நாளு கம்ப்யூட்டரைத் தொறக்காதீக. ஒரு மொய் நோட்டைக் கையில குடுத்துப் படிக்கச் சொல்லுங்க. கிழக்க கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி பொறந்தா மொய் விருந்துதானே. ஒரே பந்தல்ல நாலஞ்சு பேரு சேர்ந்து விருந்து வைப்பாக. ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு நோட்டு. கறிச்சோறு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். இப்ப ரூபா எண்ணுற மெசினு வந்து, கம்ப்யூட்டர்ல பில்லும் அடிச்சுக் குடுக்குறாக. அந்தப் பில்லு அடிக்கிற பயலைக் கூப்பிட்டு உங்க வகுப்புல ஒரு மணி நேரம் பேச விடுங்க. நீங்க பின் பெஞ்சுல உக்காந்து கேளுங்க.

அவன் என்ன சொல்லுவான் தெரியுமா? பணத்தை எழுதுறது லேசு, ஆளை எழுதுறதுதான் கஷ்டம்பான். கருப்பையான்னு மொட்டையா எழுதி வச்சா, அஞ்சு வருசம் கழிச்சுத் திருப்பிச் செய்யிறப்ப எந்தக் கருப்பையா? டீக்கடைக் கருப்பையாவா, டிரைவர் கருப்பையாவா? அதனாலதான் ஊரு, அப்பன் பேரு, பட்டப் பேரு எல்லாம் சேர்த்து எழுதுறது. நீங்க ‘பிரைமரி கீ’ன்னு இங்கிலீசுல சொல்லிப் பிள்ளைகளைத் தூங்க வைக்கிறீக பாருங்க, அது இதுதான். 1970-ல ஐ.பி.எம். கம்பெனியில எட்கர் காட்டுன்னு ஒரு வெள்ளைக்காரர் டேபிள் போட்டு எழுதச் சொன்னாருன்னு அன்னைக்கு அளந்தீகளே. நல்ல மனுசன்தான். நம்ம பக்கம் ஒரு விருந்து சாப்பிட்டிருந்தா அவருக்கும் வேலை சுருக்க முடிஞ்சிருக்கும்.

இன்னொன்னு கேளுங்க. அவுக செஞ்சதை நாம திருப்பிச் செஞ்சுட்டா, பழைய வரியை அழிக்கிறோமா? இல்லையே. பழசு இம்புட்டு, புது நடை இம்புட்டுன்னு கீழ இன்னொரு வரி எழுதுறோம். உங்க பயலுக என்னடான்னா ‘டெலிட்’டுன்னு ஒரு பட்டனைச் செவப்பாப் பெருசா வச்சுட்டு வந்து நிக்கிறானுக.

மொய் வச்ச மனுசன் செத்துப் போயிட்டா? மகன் தலையில ஏறும். சரி, மகன் ரெண்டு பேரு, பாகம் பிரிச்சுட்டாக. இப்ப அந்த ஐயாயிரம் யாரு கணக்கு? மூத்தவனா, இளையவனா, ஆளுக்குப் பாதியா? இதை உங்க பிள்ளைகள்ட்ட கேட்டுப் பாருங்க. ‘சிலபஸ்ல இல்ல சார்’னு சொல்லுவானுக. ஒரு பொம்பளைப் பிள்ளை மட்டும் ‘அவுகளையே கேட்டுட்டு வரணும் சார்’னு எந்திரிச்சா, அன்னைக்கு உங்க சம்பளம் செரிச்சுச்சுன்னு வச்சுக்கங்க.

கேக்குறதுன்னா எப்படின்னு காட்ட வெளியூரு போகவேண்டாம். நம்ம திருமயம் மலையடியில சத்தியகிரீசுவரரும் சத்தியமூர்த்திப் பெருமாளும் ஒரே பாறையைக் குடைஞ்சு பக்கத்துப் பக்கத்துல இருக்காகள்ல. சாமிகளுக்குள்ள ஒரு சண்டையும் இல்ல. வருமானத்துலதான் ஆளுகளுக்குள்ள வழக்கு வந்துச்சு. 1245-ல ஹொய்சளத் தளபதி அப்பண்ண தண்டநாயக்கர் முன்னால சுத்துப்பட்டு நாட்டாரெல்லாம் கூடித் தீர்த்து வச்சாக. வருமானத்துல யாருக்கு என்ன பங்கு, தண்ணியில என்ன பங்கு, நடுவுல சுவரு எப்படின்னு ரெண்டு தரப்பையும் வச்சுக்கிட்டே பேசி முடிச்சுக் கல்லுல வெட்டிட்டாக. சண்டைக்காரன் ரெண்டு பேரையும் கேட்ட பெறகுதான் உளியை எடுத்தாக, கவனிச்சீகளா? உங்க பயலுக மொதல்ல உளியை எடுக்கிறான். பெறகு ‘கிளையன்ட்டு மாத்திச் சொல்லிட்டாரு சார்’னு அழுகிறான். அவன் கம்ப்யூட்டர்ல எழுதுறான், தப்பிச்சான். பாறையில வெட்டுற வேலையா இருந்தா தெரியும் சேதி.

பிள்ளைகளை அதே மலை மேல இருக்குற கோட்டைக்குக் கூட்டிட்டுப் போவீகல்ல, 1687-ல கிழவன் சேதுபதி கட்டுனாருன்னு சொல்லி மேல ஏறி போட்டோ எடுக்க? எறங்குறப்ப அந்தக் கோயிலுக்கும் ஒரு எட்டுப் போயிட்டு வாங்க. மேலயே நின்னு செல்பி எடுத்தா இதெல்லாம் தெரியாது.

கேக்காமச் செஞ்சா என்ன ஆகும்னு காட்ட ரேசன் கார்டு கதையும் இருக்கு. வருசா வருசம் உள்தாள் ஒட்டி ஒட்டிப் பழைய கார்டு தலகாணி மாதிரி ஆயிப் போச்சுன்னு 2017-ல ஸ்மார்ட் கார்டு குடுத்தாகள்ல. சேலத்துல ஓமலூருப் பக்கம் ஒரு வயசான அம்மாவுக்கு வந்த கார்டுல காஜல் அகர்வால் படம்! பேப்பர்ல பார்த்துட்டு எங்க வீட்டுக் கிழவி எனக்கும் அப்படி ஒண்ணு வராதான்னு ஏங்கிப் போயிட்டா. படம் வைக்கிற கட்டம் சரியாத்தான் இருந்துச்சு மாப்ளே, படமும் அளவாப் போய் உக்காந்துச்சு. கடையில அரிசி அளக்கிறவர்ட்டக் காட்டிக் கேட்டிருந்தா ஒரே பார்வையில சொல்லியிருப்பாரு. அவரை யாரு கேட்டா?

சரி, மோரு குடிங்க. வர்ற ஆடிக்கு வடகாட்டுல நம்ம சொந்தக்காரர் வீட்டு விருந்து இருக்கு. வகுப்போட கூட்டிட்டு வாங்க, ஆட்டுக்கறிக்குப் பஞ்சமில்ல. ஆனா மேசையைத் தாண்டாம வெளிய வர முடியாது. பிள்ளைகளை விட்டுருவாக, நீங்க வாத்தியாரு, ஆயிரத்துக்குக் கொறைச்சா நல்லா இருக்காது. எழுதுறவன்ட்ட அப்பா பேரு, ஊரு எல்லாம் வெவரமாச் சொல்லுங்க. உங்க பேருல அந்தப் பக்கம் ரெண்டு பேரு இருக்காக, அதுல ஒருத்தன் வாங்குன மொய்யைத் திருப்பியே செஞ்சதில்ல.