ஐஸ் விழவில்லையா? மொட்டை மாடிக்குப் போங்க!

கே: ஃபிரிட்ஜ் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஐஸ் மேக்கரில் விழும் கட்டிகள் பாதி அளவுதான் இருக்கின்றன, சிலது உள்ளே கூடு. பார்ட் கோளாறா? – வாசகி, மேற்கு முகப்பேர் (மூன்றாம் மாடி, அதுதான் கடைசி)

ப: உங்கள் விலாசத்திலேயே பதில் இருக்கிறதம்மா. கடைசி மாடி! குழாய் இணைத்த ஐஸ் மேக்கருக்குத் தண்ணீர் அழுத்தத்தோடு வர வேண்டும். பல மாடல்கள் கேட்பது குறைந்தது 20 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 1.4 பார். மொட்டை மாடி டேங்க் தண்ணீருக்கு உயரம்தான் பலம். பத்து மீட்டர் இறங்கி வந்தால் ஒரு பார் கிடைக்கும். டேங்க் உங்களுக்கு நாலு மீட்டர் மேலே இருந்தால் 0.4 பாருக்கு மேல் தேறாது. நம் பக்கத்து மூன்று மாடிக் கட்டடங்களில் தரைத்தளத்துக்கே 1.4 எட்டுவது சிரமம்.

ஐஸ் மேக்கரின் வால்வு திறந்திருப்பது சில நொடிகள்தான். அதற்குள் வந்த தண்ணீர்தான் கட்டியாகும். தண்ணீர் மெதுவாக வந்தால் கட்டி இளைக்கத்தான் செய்யும். இன்னொரு தொல்லையும் உண்டு: அந்த வால்வு இறுக மூடவும் அழுத்தம் வேண்டும். அது இல்லாவிட்டால் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, உள்ளே போகும் குழாயிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். பிறகு கட்டியே விழாது. ஆர்.ஓ. மெஷினிலிருந்து இணைப்பு கொடுத்திருந்தால் அழுத்தம் இன்னும் குறையும்.

ஃபிரிட்ஜ் புத்தகத்தில் எவ்வளவு அழுத்தம் கேட்டிருக்கிறது என்று பாருங்கள். பிளம்பரிடம் பிரஷர் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். குறைந்தால் டேங்க் அருகே ஒரு பிரஷர் பம்ப் போடுங்கள். அதற்கு முன் பார்ட் மாற்ற ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

கே: நேற்று வரை கொட்டியது, இன்று ஒரு கட்டி இல்லை! – நொளம்பூர்

ப: ஐஸ் பெட்டிக்கு மேலே ஒரு கம்பியோ நெம்புகோலோ இருக்கும். பெட்டி நிறைந்தால் அது மேலே எழும்பி மெஷினை நிறுத்தும். பட்டாணிப் பாக்கெட் முட்டி அதைத் தூக்கியிருக்கும். இறக்கி விடுங்கள்.

கே: ஐஸ் உருகியதும் கிளாஸ் அடியில் வெள்ளைத் துகள் நிற்கிறது. குடிக்கலாமா? – ஜெ.ஜெ. நகர்

ப: அது பெரும்பாலும் கால்சியம் உப்பு, விஷமல்ல. தண்ணீர் உறையும்போது உப்பைத் தன்னோடு சேர்க்காமல் நடுப்பக்கம் ஒதுக்கித் தள்ளும். கடைசியில் உறையும் அந்த நடுப்பகுதியில் அது துகளாகிவிடும். போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் மாறி மாறி வரும் வீடுகளில் இது சகஜம். கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் வைத்துப் பாருங்கள். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்பது லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 2000 வரை. கோடையில் போர் வற்ற வற்ற உப்பு ஏறும், ஃபில்டரும் சீக்கிரம் அடைக்கும். ஆறு மாதக் கணக்கை நம்பாமல் முன்னதாகவே மாற்றுங்கள்.

கே: எலுமிச்சை ஜூஸில் நெத்திலி வாசனை. விருந்தாளி முன்னால் மானம் போனது! – பாடி

ப: குற்றவாளி ஜூஸ் அல்ல, ஐஸ். திறந்து கிடக்கும் ஐஸ் பக்கத்திலுள்ள வாசனையை எல்லாம் வாங்கிக்கொள்ளும். இருப்பதைக் கொட்டிவிட்டுப் பெட்டியைக் கழுவுங்கள். மீனை மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றுங்கள்.

கே: உறைந்த குழாயைக் கத்தியால் குத்தி எடுக்கலாமா? – அம்பத்தூர் எஸ்டேட்

ப: வேண்டவே வேண்டாம்! இன்றைய ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் ஓடுவது ஆர்600ஏ, தீப்பற்றும் வாயு. ஒரு துளை விழுந்தால் ஃபிரிட்ஜும் போச்சு, ஆபத்தும் வந்தாச்சு. பிளக்கைப் பிடுங்குங்கள், தண்ணீர் வால்வை மூடுங்கள், கீழே துணி விரித்துக் கதவைத் திறந்து வையுங்கள். நம் ஊர் வெயிலே உருக்கித் தரும்.

கே: ஃபிரிட்ஜே இல்லாத காலத்தில் சென்னையில் ஐஸ் ஏது? – கிழக்கு முகப்பேர் மாணவன்

ப: கப்பலில் வந்தது, தம்பி! அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து ஃபிரடெரிக் டியூடர் அனுப்பினார். 1833-ல் கல்கத்தாவுக்குக் கிளம்பிய முதல் கப்பலில் சுமார் 180 டன் ஏற்றினார்கள். நாலு மாதப் பயணத்துக்குப் பிறகும் பாதிக்கு மேல் உருகாமல் போய்ச் சேர்ந்தது. நம் மெரினா கரையில் 1842-ல் எழுந்த ஐஸ் ஹவுஸ் அந்த ஐஸைச் சேமிக்கத்தான். 1897-ல் விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான், இன்றைய விவேகானந்தர் இல்லம். இயந்திரத்தில் ஐஸ் தயாரிக்கத் தொடங்கியதும் கப்பல் வியாபாரம் படுத்துவிட்டது.

கே: சரி, சர்வீஸ் ஆளை எப்போதுதான் கூப்பிடுவது? – அதே மூன்றாம் மாடி வாசகி

ப: அழுத்தம் சரி, ஃபில்டர் புதிது, கம்பி கீழே, ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி. இத்தனைக்கும் பிறகு ஒரு முழு நாள் காத்திருந்தும் கட்டி விழவில்லையா? அப்போது கூப்பிடுங்கள். மோட்டாரோ வால்வு காயிலோ போயிருக்கும். மாற்றினால் பழைய பார்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் விழும் இரண்டு மூன்று ஈடு ஐஸைக் குடிக்காமல் கொட்டிவிடுங்கள்.