அரிசி மணி வரட்டும்னு காத்திருக்கீரோ மாப்ளே?

வே மாப்ளே, அப்படித் திண்ணையில உக்காரும். பேஸ்மேக்கர் வைக்கணும்னு டாக்டர் சொல்லி ஆடியும் போச்சு, ஆவணியும் போச்சு. நீரோ, "அமெரிக்காக்காரன் அரிசி மணியவிடச் சின்னதா ஒண்ணு செஞ்சிருக்கான், ஊசியில போட்டுருவானாம், தானாக் கரைஞ்சிருமாம், அது வரட்டும்"னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு அலையுதீரு. சேதிய முழுசாப் படிச்சீரா, வடை மடிச்ச பேப்பர் துண்டுல படிச்சீரா?

மீதிய நர்சுக்குப் படிக்கிற எம் பேத்தி சொன்னா. சங்கதி நெசந்தான். சிகாகோ பக்கம் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்காரங்க 2025 ஏப்ரல்ல வெளியிட்டது. நீளம் 3.5 மில்லிமீட்டர், அகலம் 1.8. தனியாப் பேட்டரி கெடையாது. ரெண்டு உலோகத் துண்டும் நம்ம உடம்புத் தண்ணியும் சேந்தே கரண்டு வந்திரும். நெஞ்சு மேல ஒரு பட்டை ஒட்டுவாங்க. துடிப்பு தப்புனா பட்டையில இருந்து கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் தோலத் தாண்டிப் போயி மணியத் தட்டி எழுப்பும்.

யாருக்குன்னு கேட்டீரா? முக்கியமா, இதயத்துல கோளாறோட பொறந்த பச்சப் புள்ளைக்கு. ஆபரேஷன் முடிஞ்சு ஒரு வாரம் போல இதயம் தேறுற வரைக்கும்தான் அதுக்குத் துணை வேணும். இப்ப அதுக்கு நெஞ்சு வழியா வயர் விட்டு, பொறவு உருவணும். உருவுறதுலதான் வம்பு. ஆம்ஸ்ட்ராங்குக்கு 2012ல இதய ஆபரேஷன் பண்ணி, அந்த வயர உருவுனப்ப உள்ள ரத்தம் கசிஞ்சுதான் மனுசன் போய்ச் சேந்தாரு. நிலாவுக்குப் போயே பத்திரமாத் திரும்புன ஆளுவே!

அந்த அரிசி மணிய எலி, பன்னி, நாய்க்கும், தானமா வந்த செத்த ஆளுக இதயத்துக்கும் வச்சுப் பாத்துத்தான் சேதி போட்டிருக்காங்க. இந்த வரிசையில நீரு எங்க நிக்கணும்னு நீரே முடிவு பண்ணிக்கிடும்.

ஒமக்கு வந்திருக்கது ரத்தக்குழாய் அடைப்பும் இல்ல, ஒரு வாரத்துல தேறுறதும் இல்ல. இதயத்துல மேலருந்து கீழ துடிப்புச் சொல்லி அனுப்புற கரண்டுப் பாதையே அறுந்து போச்சுங்காரு டாக்டர். மணி கரைஞ்சா அன்னைக்கே நீரும் பழையபடி கொல்லையில மயங்கிக் கெடப்பீரு.

ஒம்மள மாதிரியே 1958ல ஸ்வீடன்ல ஆர்னே லார்சன்னு ஒரு ஆளு இருந்தாரு. 43 வயசு. ஒரு நாளைக்கு இருவது முப்பது தடவ மயங்கி விழுவாராம். அவரு படுத்துக் கெடக்க, ஓடுனது பொண்டாட்டி எல்ஸ்-மரீ. சர்ஜன் சென்னிங்கையும் இஞ்சினியர் எல்ம்க்விஸ்டையும் ஒரு வழி பண்ணிட்டா. மனுசனுக்குள்ள வைக்கிற மாதிரி பேஸ்மேக்கர் இன்னும் தயாராகலன்னு சொல்லியும் விடல. கடைசியில ஷூ பாலிஷ் டப்பாவுல பிசின ஊத்தி வார்த்து எடுத்தாங்க. மொதல்ல வச்சது சில மணி நேரந்தான் ஓடுச்சு. உடனே இன்னொண்ணு. இப்படி ஆயுசுக்கும் 26 மாத்துனாரு. 2001ல, 86 வயசுல, புத்துநோயிலதான் செத்தாரு. கருவி செஞ்ச இஞ்சினியரும் அத வச்ச சர்ஜனும் அவருக்கு முன்னாலயே போயிட்டாங்க. ஒமக்கு வைக்கப்போற டாக்டர் சின்ன வயசுக்காரர். பாவம், நீரு அவர எத்தன வருசம் படுத்தப் போறீரோ!

வயருக்குப் பயமா? பெரிய கேப்சூல் மாத்திரை அளவுல, ரெண்டு கிராம் எடையில, தொடை ரத்தநாளம் வழியா ஏத்துறதும் இருக்கு. 2016லயே அமெரிக்காவுல அனுமதி குடுத்தாச்சு. ஒமக்குத் தோதுப்படுமான்னு டாக்டரக் கேளும், டீக்கடையில கேக்காதேயும்.

பேஸ்மேக்கர் வச்ச பொறவு செல்போன் அதுல இருந்து ஒரு சாணாவது தள்ளி இருக்கணும். அதனால சட்டைப்பைய இப்பவே காலி பண்ணிரும். அதுல இருக்க ரூவாயும் எந் தங்கச்சி கைக்குப் போகட்டும். நாளைக்கு ஒம்ம ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போறது அவதான், எல்ஸ்-மரீக்கு இருந்த பொறுமை அவளுக்குக் கெடையாது பாத்துக்கிடும்.