பந்து இப்போது மேசையில்

பேரையூர்ப் பக்கம் கண்மாய் வற்றினால் சம்சாரிக்கு வயிற்றெரிச்சல், பையன்களுக்கு மைதானம். அரசு கட்டித் தராததை வறட்சி கட்டித் தருகிறது. கோல் போஸ்ட்டுக்கு இரண்டு கருவேலங்கம்பு. பந்தைப் பஞ்சராக்கவும் அதே கருவேல முள். அணிக்கு மூன்று ஜோடி ஸ்டட் ஷூ இருந்தால் அது பணக்கார அணி. வலது காலால் அடிப்பவனுக்கு வலது ஷூ, இடது காலால் அடிப்பவனுக்கு இடது ஷூ. ஒரு ஜோடியை இருவர் பிரித்துக்கொள்ளும் இந்தச் சமதர்மத்தை எந்தக் கட்சி மாநாட்டிலும் பார்க்க முடியாது.

பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியட் உண்டு. அட்டவணையில். ப்ளஸ் டூ வந்ததும் கணக்கு வாத்தியார் அதைக் கடன் வாங்குவார். பெரிய தொழிலதிபர்கள் வங்கியில் வாங்கும் கடனைப் போல அதுவும் திரும்பி வராது.

"பந்து சோறு போடுமா?" என்று வீட்டில் கேட்பார்கள். போடும் என்கிறது அரசு. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடம். அரசு வேலையில் 3 சதவீதம். எம்.பி.பி.எஸ். படிக்க 7 இடம். மாநிலம் முழுக்க, எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஏழே ஏழு. கால்பந்து அணியில் 11 பேர் ஆயிற்றே என்று கேட்காதீர்கள். மீதி நாலு பேர் அடுத்த ஜென்மத்தில் டாக்டர் ஆவார்கள்.

சரி, அந்த இடத்துக்கு என்ன வேண்டும்? கோல் அல்ல, சான்றிதழ். குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம், தேசியம் என்று படி ஏற வேண்டும். காலை ஏழு மணிக்கு வரச் சொல்வார்கள். பையன் முதல் பஸ் பிடித்து, கல்லுப்பட்டி, திருமங்கலம் தாண்டி மதுரைக்கு ஓடுவான். சிறப்பு விருந்தினர் பத்தரைக்கு வருவார். அவருக்கான பொன்னாடை மட்டும் ஏழு மணிக்கே வந்து காத்திருக்கும்.

வழியில் தாண்டிய திருமங்கலம், ஓட்டுக்குக் காசு என்று இந்திய ஜனநாயகத்துக்கே ஒரு ஃபார்முலா கொடுத்த ஊர். சென்னை 2024-ல் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா ஃபோர் கார்ப் பந்தயம் கண்டது. பேரையூர்ப் பையன் கேட்பது ஃபாரம் ஃபோர். தேசியப் பள்ளி விளையாட்டில் மாநிலத்துக்காக ஆடினான் என்று சொல்லும் ஒற்றைத் தாள்.

அந்தத் தாளுக்கு என்ன நேர்ந்தது தெரியுமா? 2023 ஜூனில் தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகள் டெல்லியிலும் போபாலிலும் நடந்தன. 19 வயதுக்குட்பட்டவர்களுக்கானவை. தமிழக மாணவர்கள் போகவில்லை. வெள்ளமா? இல்லை. கொரோனாவா? அதுவும் போய்விட்டது. போட்டிக்கு அழைத்த கடிதம் ஓர் அலுவலக மேசைக்கு வந்தது. அங்கேயே தங்கிவிட்டது. இருநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பல வருஷம் ஓடிய ஓட்டம், ஒரு தாள் இரண்டு மேசை நகராததால் நின்றது. ஓர் அதிகாரி மீது நடவடிக்கை பாய்ந்தது. இனி இப்படி நடக்காது என்றார்கள். ப்ளஸ் டூ முடித்த பிள்ளைக்கு 'இனி' ஏது? அவன் வயது 19-ஐத் தாண்டிக்கொண்டிருந்தது.

அதே 2023 ஜூன் கடைசியில், அமிர்தசரஸில் ஹரியாணாவை 2–1 என்று வென்று தமிழகப் பெண்கள் கால்பந்து அணி தேசியக் கோப்பையைத் தூக்கியது. 2018-லும் தூக்கியது. 2019-ல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது நம் மதுரையின் சேது எஃப்.சி. போனால் ஜெயிக்கிறார்கள். அனுப்பினால்தானே போவது!

கல்வி அலுவலகத்தை மட்டும் திட்டி என்ன பயன்? டெல்லி மேசை இன்னும் பெரிது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத் தலைவரின் பதவிக்காலம் 2020 டிசம்பரில் முடிந்தது. நாற்காலி விடவில்லை. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் வந்து இறக்கிவிட்டது. அதைத் தொடர்ந்த குளறுபடியில், ஆகஸ்ட்டில் ஃபிஃபா இந்தியாவையே இடைநீக்கம் செய்தது. தடை பதினோரு நாள்தான். ஆனால் ஆசிய கிளப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் வரை போயிருந்த கோகுலம் கேரளா பெண்கள் அணி, ஒரு பந்துகூட உதைக்காமல் திரும்பியது. நாற்காலியில் ஒட்டியது யாரோ, பெட்டியைக் கட்டியது இந்தப் பெண்கள்.

தேசிய அணியின் பயிற்சியாளர் ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்ய ஜோதிடரிடம் கேட்டார் என்று 2023-ல் ஓர் ஆங்கில நாளேடு அம்பலப்படுத்தியது. பந்தும் உருண்டை, கிரகமும் உருண்டை. பொருத்தம் பார்த்திருப்பார். 2025 டிசம்பரில் மெஸ்ஸியைக் கொல்கத்தாவுக்கு அழைத்தார்கள். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள் பார்த்தது பிரமுகர்களின் முதுகை. மெஸ்ஸி சீக்கிரமே கிளம்பினார். நாற்காலிகள் பறந்தன. அதற்கு முந்தைய மாதம்தான் டாக்காவில் வங்கதேசத்திடம் 1–0 என்று தோற்றிருந்தோம். அப்போது உலகத் தரவரிசையில் 142.

எந்த மைதானத்திலும் எதிரணி நம் பிள்ளைகளை இந்த அளவுக்கு மடக்கியதில்லை. மடக்குவதெல்லாம் சட்டையில் பேட்ஜ் குத்தி மேடையில் உட்கார்ந்திருப்பவர்கள். இவர்கள் அடிப்பது முழுக்க சேம் சைடு கோல். சிவப்பு அட்டை மட்டும் பையனுக்கு.

இந்த வருஷமும் டெல்லியிலிருந்து ஒரு கடிதம் வரும், ஐயா. மைதானம் கேட்கவில்லை, கண்மாய் இருக்கிறது. ஷூ கேட்கவில்லை, ஆளுக்கு ஒன்று இருக்கிறது. கடிதத்தைப் பிரித்துப் படித்து, அடுத்த மேசைக்கு அனுப்பிவிடுங்கள்.