நாலாவது சுற்று

விடிகாலை ஐந்தரை மணிக்கு அந்தத் தெரு மூன்று முறை இருமும். முதல் இருமலில் நாய்கள் எழும். இரண்டாவதில் எதிர்வீட்டுக் குழந்தை எழும். மூன்றாவது இருமலோடு ஒரு இன்ஜின் பிடித்துக்கொண்டதும், "வண்டி எடுத்துட்டாரு" என்று முனகிவிட்டுப் பெரியவர்கள் மறுபடி போர்வையை இழுத்துக்கொள்வார்கள். கோவையின் பழைய மில் குடியிருப்புகளில் இப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். ரேஷன் கார்டில் அவருக்கு வேறு பெயர். தெருவுக்கு அவர் அம்பாசிடர் சார்.

கொரியர் பையனுக்கு வழி சொல்கிறவர்கள் வீட்டு எண்ணைச் சொல்வதில்லை. "வெள்ளை அம்பாசிடர் நிக்குமே, அதுக்கு ரெண்டு வீடு தள்ளி" என்பார்கள். வண்டி வெளியே போயிருக்கும் நேரத்தில் வருகிற கொரியர்கள் தெருவைச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போவதும் உண்டு.

அவரைப் பழங்கால கார் சேகரிப்பவர் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த இனம் வேறு. அவர்கள் வண்டிக்குப் போர்வை போர்த்தி வைத்து, வருடத்துக்கு ஒருமுறை அணிவகுப்புக்கு வெளியே எடுப்பவர்கள். அம்பாசிடர் சார் அவினாசி சாலையில் இருக்கும் ஜீடி கார் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வந்தார். திரும்பி வந்தபோது நோயாளியைப் பார்த்துவிட்டு வந்தவர்போல முகம் வாடியிருந்தது. "எல்லாம் பளபளன்னுதான் வச்சிருக்கறாங்க. ஆனா அத்தனையும் நின்னுட்டே இருக்குதுங்களே!" என்றார்.

அவருடைய வண்டி நிற்பதில்லை. 1980 மாடல், மார்க் 4, பெட்ரோல். மில் மேனேஜர் ஓட்டியது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்து நாடே அதற்குப் பணம் கட்டிக் காத்துக்கொண்டிருந்தபோது, மில்லில் இந்த வண்டியை ஏலம் விட்டார்கள். கணக்குப் பிரிவில் இருந்த சார் எடுத்தார். "அந்தச் சோப்பு டப்பா நாலு வருசம் தாங்குமா?" என்று அன்றைக்குக் கேட்டார். மாருதி 800 முப்பது வருடம் ஓடி, 2014 ஜனவரியில்தான் உற்பத்தி நின்றது. அதே வருடம் மே மாதம், கொல்கத்தா பக்கத்து உத்தர்பாராவில் அம்பாசிடர் தொழிற்சாலையும் நின்றது. சார் முதல் செய்தியை மட்டும் கத்தரித்து வைத்திருக்கிறார்.

வண்டியின் மீட்டரில் ஐந்து இலக்கம். 99,999 வரை போனால் மறுபடி ஐந்து சுழியம். அது இதுவரை மூன்று முறை சுற்றிவிட்டது. இப்போது ஓடுவது நாலாவது சுற்று. பழைய கார் விற்கிற உலகத்தில் மீட்டரைக் குறைத்து வைப்பது ஒரு கலை. மூன்று லட்சம் ஓடியதை எண்பதாயிரம் என்று காட்டுவார்கள். சார் நேர் எதிர். யாராவது எட்டிப் பார்த்து, "பரவால்லீங்க, எழுபதாயிரந்தான் ஓடியிருக்குது" என்றால் அவருக்குக் கோபம் வந்துவிடும். "முன்னால ஒரு மூணைப் போட்டுப் படிங்க தம்பி."

நடுவில் ஒருமுறை ஸ்பீடாமீட்டர் கேபிள் அறுந்து நாலு மாதம் மீட்டர் அசையவே இல்லை. அந்த நாலு மாதமும் சாலையோரக் கிலோமீட்டர் கற்களை எண்ணியே ஓட்டினார். வீட்டில் பீரோவில் இருக்கும் நீல அட்டை நோட்டில், 'மீட்டரில் ஏறாதது: 2,316' என்று தனி வரி இருக்கிறது.

அந்த நோட்டு ஒரு தனிக் காவியம். போட்ட ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலும், மாற்றிய ஒவ்வொரு ஃபேன் பெல்ட்டும், கடைக்காரர் சில்லறை இல்லாமல் கொடுத்த ஹால்ஸ் மிட்டாய்வரை அதில் உண்டு. ஒன்றே ஒன்றுதான் இல்லை: கூட்டுத்தொகை. முப்பத்தைந்து வருடம் மில் கணக்கைப் பைசா பிசகாமல் கூட்டியவர், இந்த நோட்டில் ஒரு பக்கத்தின் அடியில்கூடக் கோடு போட்டதில்லை. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் மகன் ஒரு தீபாவளிக்கு வந்தபோது எக்செல்லில் ஏற்றித் தருவதாகச் சொன்னான். நோட்டு அன்று இரவே இடம் மாறிவிட்டது.

நோட்டின் கடைசி அட்டையில் ஒரு வெள்ளைக்காரர் படம் ஒட்டியிருக்கும். மாமனார் படம் ஹாலில் இருக்கிறது. இவர் படம் பீரோவுக்குள். அமெரிக்காவின் நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் பள்ளி ஆசிரியராக இருந்த இர்வ் கார்டன். 1966-இல் வாங்கிய சிவப்பு வால்வோ பி1800 காரை விடாமல் ஓட்டி, 2013 செப்டம்பரில் அலாஸ்காவில் முப்பது லட்சம் மைலைத் தொட்டவர். கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்தவர். நம் கணக்கில் 48 லட்சம் கிலோமீட்டருக்கு மேல். கிரீஸின் தெசலோனிகியில் டாக்சியாக ஓடிய 1976 மாடல் பென்ஸ் 46 லட்சம் கிலோமீட்டர் ஓடி, பென்ஸ் கம்பெனியின் அருங்காட்சியகத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. இவர்களோடு ஒப்பிட்டால் சார் இன்னும் எல்.கே.ஜி. அதனால் அவர் வேறு அளவுகோல் வைத்திருக்கிறார். பூமியிலிருந்து நிலாவுக்குச் சராசரி தூரம் 3,84,400 கிலோமீட்டர். "காரமடை தாண்டி ஒரு புளியமரத்துக்கிட்ட நிலாவுல இறங்கிட்டேனுங்க. இப்பத் திரும்பி வந்துட்டிருக்கறேன்" என்பார். அந்த இடத்தில் இறங்கி ஒரு இளநீர் குடித்ததும் நோட்டில் பதிவாகியிருக்கிறது.

இவ்வளவு தூரம் ஒரு வண்டி எப்படி ஓடுகிறது? பதில் பட்டறையில் இருக்கிறது. சாரின் மெக்கானிக்குக்கும் வயது எழுபதை நெருங்குகிறது. ஸ்கேனர் கிடையாது, லேப்டாப் கிடையாது. நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை ஓடுகிற இன்ஜின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொள்வார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைப்பதுபோல் இடம் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு, "டேப்பட்டுங்க" என்பார். அந்த இன்ஜினில் எட்டு வால்வு. ஒன்பதுதான் மந்திர எண். ஒன்றாம் வால்வு முழுசாக அமுங்கியிருக்கும்போது எட்டாவதைச் சரிசெய்ய வேண்டும். மூன்று அமுங்கினால் ஆறு. நான்கு என்றால் ஐந்து. எப்படிக் கூட்டினாலும் ஒன்பது வரும். இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு. இந்தக் கணக்கைப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்ப்பதில் சாருக்குக் கிடைக்கும் நிம்மதி மருதமலையில்கூடக் கிடைப்பதில்லை.

சிலிண்டர் தேய்ந்தால் அதைக் குடைந்து கொஞ்சம் பெரிதாக்கி, பெரிய பிஸ்டன் போடுவார்கள். இரண்டு, மூன்று முறை குடைந்தபின் இனிக் குடைய இடமில்லை என்றால் உள்ளே ஸ்லீவ் இறக்கி, பழையபடி பிறந்த அளவுக்கே கொண்டுவந்துவிடுவார்கள். லேத்துக்கும் ஃபவுண்டரிக்கும் பஞ்சமில்லாத ஊர் கோவை. கடையில் கிடைக்காத புஷ்ஷை இங்கே யாராவது கடைந்து கொடுத்துவிடுவார்கள். சாரின் வண்டியில் இன்ஜின் வேலை இரண்டு முறை, ரேடியேட்டர் நாலு, கதவு இரண்டு, தரைத் தகடு முழுசும் மாறியாகிவிட்டது.

"அப்ப இதுல பழசு எதுங்க சார்?" என்று கேட்டார் பக்கத்து வீட்டுக்காரர்.

சார் பானெட்டைத் திறந்து, வட்டார போக்குவரத்து அலுவலகத்தில் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பார்களே, அந்த எண்ணைக் காட்டினார். "இது மாறலைங்களே!"

பக்கத்து வீட்டுக்காரர் புதிதாக எம்ஜி கார் வாங்கியிருக்கிறார். திரை, கேமரா, கூப்பிட்டால் பதில் சொல்லும் குரல் எல்லாம் உண்டு. அதற்குச் சாரிடம் ஒரே பதில்தான். அம்பாசிடரின் 1,489 சிசி இன்ஜின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ் குடும்பம்; 1955-இல் வந்த எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரிலும் அதே இன்ஜின்தான். "முறைப்படி பாத்தா என்ற வண்டி உங்க வண்டிக்குப் பெரியப்பா ஆகுதுங்க. ஹாரன் அடிக்கறப்ப மரியாதையா அடிங்க."

பெட்ரோல் விஷயத்தில் அவருக்கு இரண்டு துக்க தினங்கள். முதலாவது 2000 பிப்ரவரி 1. அன்றிலிருந்து நாடு முழுவதும் ஈயம் கலக்காத பெட்ரோல். நுரையீரலுக்கு நல்லதுதான், சாரும் மறுக்கவில்லை. ஆனால் பழைய இன்ஜின்களில் வால்வு வந்து அமரும் இருக்கையைத் தேயாமல் காத்தது அந்த ஈயம்தான். பழனிக்கு நேர்ந்துகொண்டு, கெட்டியான உலோகத்தில் புது இருக்கை போட வைத்தார். இரண்டாவது, எத்தனால். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும். சார் குழாய் எல்லாவற்றையும் மாற்றினார். ஆனாலும் மனம் ஆறவில்லை. "நான் இத்தனை வயசுக்கு ஒரு சொட்டு தொட்டதில்லைங்க. கடைசியில வண்டியைக் குடிகாரனாக்கீட்டாங்க."

அரசாங்கமும் சும்மா இருப்பதில்லை. பதினைந்து வருடம் தாண்டிய காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. பசுமை வரி தனி. டெல்லியில் பதினைந்து வருடம் தாண்டிய பெட்ரோல் கார் ஓடவே கூடாது என்று கேட்டதிலிருந்து, தலைநகருக்குப் போகும் எண்ணத்தையே சார் விட்டுவிட்டார். எண்ணம் அதற்கு முன்பும் இருந்ததில்லை. 2017-இல் அம்பாசிடர் என்ற பெயரை மட்டும் பிரெஞ்சு பெஜோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது என்று பேப்பரில் வந்தபோதுதான் அவர் முகத்தில் ஒளி வந்தது. "வெறும் பேருக்கே எம்பது கோடிங்களாம். எங்கிட்ட பேரோட வண்டியும் இருக்குது!"

வீட்டுக்காரம்மாவின் கேள்வி வேறு. "ஏனுங்க, மார்க்கெட்டுக்கு மட்டும் இந்த வண்டி வராதா?"

வராது. இரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் இன்ஜின் சூடாகாது. சூடாகாவிட்டால் ஆயிலில் சேர்ந்த நீரும் எரியாத பெட்ரோலும் ஆவியாகாது. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்புகிற அந்த ஒரு நிமிடத்தில்தான் தேய்மானம் அதிகம். இது உண்மையும்கூட. அதன் விளைவு, காய்கறி ஆட்டோவில் வரும். சிலிண்டர் கேஸ் மொபெட்டில் வரும். சார் வாரத்தில் மூன்று நாள் விடிகாலையில் தனியாகச் சூலூர்வரை போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவார். ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் கல்யாணம் என்றால் மட்டும் குடும்பத்துக்குக் கார் உண்டு. அம்மா பத்திரிகை வந்ததும் முதலில் மண்டபத்தின் ஊரைத்தான் பார்ப்பார்.

குன்னூர்க் கல்யாணத்துக்குப் போன கதையை அவரிடம் கேட்கக் கூடாது. அம்மாவிடம் கேட்க வேண்டும். மேட்டுப்பாளையம், கல்லாறு தாண்டி ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி, பம்ப்புக்கு இழுக்க ஒன்றுமில்லாமல் போவது பழைய கார்களின் மலைநோய். ஈரத்துணி சுற்றிப் பம்ப்பைக் குளிரவைப்பதுதான் வைத்தியம். துணி தேடினார்கள். கிடைத்தது, மாப்பிள்ளைக்கு எடுத்து வைத்திருந்த பட்டு வேட்டிக்குக் கீழே மடித்திருந்த புதுத் துண்டு. முகூர்த்தத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மாப்பிள்ளை தோளில் லேசாக ஆயில் வாசனை அடித்தது. "வண்டி ஏறுச்சா இல்லியா?" என்பதுதான் சாரின் ஒரே வாதம்.

வாங்க வருகிறவர்களும் குறைவில்லை. பழைய காலப் படம் எடுக்கிறவர்கள் வாடகைக்குக் கேட்பார்கள், கல்யாண ஊர்வலத்துக்குக் கேட்பார்கள், சிக்னலில் பைக்காரர்கள் கண்ணாடியைத் தட்டி, "குடுக்கறீங்களா?" என்பார்கள். சார் இல்லை என்று சொல்வதில்லை. எத்தனை கிலோமீட்டர், எத்தனை இன்ஜின் வேலை, எந்தக் கதவு துருப்பிடித்தது என்று ஒன்றையும் மறைக்காமல் சொல்வார். மூன்று லட்சத்துச் சொச்சம் என்றதும் அவர்களே நகர்ந்துவிடுவார்கள். உண்மை பேசியே வண்டியைக் காப்பாற்றி வந்தார்.

நாலாவது சுற்று முடியும் நாளுக்கு மகனையும் பேத்தியையும் பெங்களூரிலிருந்து வரவழைத்தார். மீட்டரில் 99,984. சூலூர் போவதற்குள் விழுந்துவிடும் என்பது கணக்கு. முன் சீட்டில் சாரும் மகனும், நடுவில் செல்போனோடு பேத்தி. ஸ்டியரிங்கிலேயே கியர் இருப்பதால் முன்னால் தாராளமாக மூன்று பேர். பின்னால் அம்மா, மடியில் சர்க்கரைப் பொங்கல் தூக்குப் போசி.

போகிற வழியில் மகனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "அப்பா, கேபிள் அறுந்த அந்த 2,316-ஐச் சேத்தா நாலு லட்சம் எப்பவோ முடிஞ்சிருச்சே?"

"நோட்டுக் கணக்கு வேற, மீட்டர் கணக்கு வேற. மில்லுலயும் அப்படித்தான்" என்றார் சார்.

99,998. சார் வேகத்தை இருபதாகக் குறைத்தார். பின்னால் லாரிகள் அலறின. 99,999. பேத்தி செல்போனை மீட்டருக்கு நேராகப் பிடித்தாள். கடைசி ஒன்பது மெல்ல மேலே நகரத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து ஒரு பைக் பக்கவாட்டில் ஒட்டி வந்தது. ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு ஓர் இளைஞன், "சார்! சார்! வண்டி குடுக்கறீங்களா சார்?" என்று கத்தினான். நாலு தலைகளும் அவன் பக்கம் திரும்பின. செல்போனும் திரும்பியது. "ரோட்டைப் பாத்து வா தம்பி!" என்று அம்மா கத்தினார். பைக்கைத் தவிர்க்கச் சார் வண்டியை ஓரம் கட்ட இடம் தேடித் தேடி, ஒரு வேப்பமரத்தடியில் போய் நிறுத்தினார்.

எல்லோரும் மீட்டரைப் பார்த்தார்கள். 00001.

யாரும் பேசவில்லை. அம்மா தூக்குப் போசியின் மூடியைத் திறப்பதா வேண்டாமா என்று யோசித்தார். பைக்கை நிறுத்திவிட்டு வந்த இளைஞன் ஜன்னலில் குனிந்து, "நல்ல விலை தர்றேன் சார். எவ்வளவு ஓடியிருக்குதுங்க?" என்று கேட்டான்.

சார் மீட்டரை ஒருமுறை பார்த்தார். வாழ்நாளில் முதல்முறையாக மூன்று, நான்கு எதையும் முன்னால் சேர்க்காமல், உள்ளதை உள்ளபடி படித்தார்.

"ஒரு கிலோமீட்டருங்க தம்பி. புது வண்டி, இப்பக் குடுக்க மனசு வருமுங்களா?"