பனிக்காலத்தில் குற்றாலம்

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு காடும் ஊரும் பார்க்கத் தென்காசிப் பக்கம் போகலாமா? 'சீசன் முடிந்த குற்றாலத்தில் என்ன இருக்கிறது?' என்கிறார்களே!

பதில்: குற்றாலம் இருக்கிறது! ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான சாரல் காலத்தில் நாம் பார்ப்பது பெரும்பாலும் முன்னால் நிற்பவரின் முதுகைத்தான். மார்கழியில்தான் ஊர் கண்ணுக்குத் தெரியும். நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திர சபையின் சுவரோவியங்களை நிதானமாகப் பார்க்கலாம். திருவாதிரைத் திருவிழாவும் அப்போதுதான். தென்காசியில் 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய காசி விசுவநாதர் கோயில் இருக்கிறது. செங்கோட்டையில் ரயில் ஏறினால் பதின்மூன்று கண் பாலத்தையும் மலைக் குகைகளையும் பிள்ளைகள் ஆயுசுக்கும் மறக்கமாட்டார்கள்.

அருவியில் தண்ணீர் இருக்குமா என்பது நியாயமான கேள்வி. வடகிழக்குப் பருவமழையும் அருவிகளுக்கு நீர் தருகிறது. சில நாட்களில் அளவுக்கு மீறியே தருகிறது. அப்போது குளிக்கத் தடை போடுவார்கள். காட்டாற்று வெள்ளம் சொல்லிக்கொண்டு வராது, ஆகவே அந்தத் தடையோடு வாதாடாதீர்கள். காட்டுப் பக்கம் போனால் புலி தெரியுமா என்றும் கேட்பார்கள். 1988இல் அமைந்த களக்காடு–முண்டந்துறை, தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம். மிருகக்காட்சி சாலை அல்ல. தாமிரபரணி காட்டிலிருந்து இறங்கிவரும் பாபநாசத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். புலியின் காடு நெல்லைச் சீமையின் வயல்களுக்கு என்ன செய்கிறது என்பது அங்கே புரியும். உயிரினம் பார்த்தே தீரவேண்டுமென்றால் ஜனவரிக்குத் தள்ளிவையுங்கள். நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்துக்கு இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்துகள் வந்திருக்கும். பிளாஸ்டிக் பையை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்புங்கள்.