ஆகாய மணியக்காரர்

1980-ஆம் வருஷம் எம்.ஜி.ஆர். அரசாங்கம் ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் பரம்பரைக் கிராம அதிகாரிகளின் உத்தியோகத்தை ஒழித்தபோது, மணியக்காரர் என்ற பிரகிருதி இனிப் பூமியில் தென்படமாட்டார் என்றே சேலம் ஜில்லாவாசிகள் நினைத்தார்கள். அவர்கள் நினைத்தது ஒருவகையில் சரிதான். பூமியில் அவர் தென்படவில்லை. ஆகாயத்தில் தென்படுகிறார். நாமக்கல்லில் சேலம் ரோட்டிலோ திருச்சி ரோட்டிலோ ஏதேனும் ஒரு லாரி புக்கிங் ஆபீஸுக்குள், லோடு பேசும் சந்தடி அடங்கிய பகல் மூன்று மணிக்கு நுழைந்தீர்களானால், மேஜைமேல் ஆறிப்போன டீயும், கையில் செல்போனும், நெற்றியில் சிந்தனைக் கோடுகளும், உதட்டோரம் சிறிதே எட்டிப்பார்க்கும் நாக்குமாக, ஆள்காட்டி விரலால் கண்ணாடியின்மேல் கோலம் போடுவதுபோல் இழுத்துக்கொண்டிருக்கும் அந்த மகானுபாவரைத் தரிசிக்கலாம். "வாங்க" என்று அவர் வாய் சொல்லும்; கண் சொல்லாது. "சித்த இருங்க, ஒண்ணு இறங்கிட்டிருக்குதுங்க" என்பது அடுத்த வாக்கியம்.

இறங்கிக்கொண்டிருப்பது ஆகாய விமானம். ஆஸ்திரேலியாவில் மெல்போர்னில் இருந்த பயர்மின்ட் என்னும் கம்பெனி 2009-இல் 'பிளைட் கண்ட்ரோல்' என்று ஒரு விளையாட்டைச் செய்து ஐபோனில் விட்டது. அதன் வம்சம் கிளைத்துப் பெருகி, இன்று நாமக்கல்வரை வந்து குடியேறியிருக்கிறது. விளையாட்டின் சாஸ்திரம் மிகச் சுலபம். திரையின் நாலு பக்கத்திலிருந்தும் விமானங்கள் வரும். ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு, அதற்குரிய ஓடுபாதைவரை ஒரு கோடு இழுத்துவிட்டால், அது அந்தக் கோட்டின்மேலேயே சாதுவாகப் பறந்துபோய் இறங்கிவிடும். சிவப்பு விமானம் சிவப்புப் பாதையில், மஞ்சள் விமானம் மஞ்சள் பாதையில், ஹெலிகாப்டர் அதற்கென்று போட்ட வட்டத்தில். முதலில் ஒன்றிரண்டாக வருபவை, போகப்போக ஆடிப்பெருக்கன்று மோகனூர்க் காவிரிக் கரைக்கு வரும் ஜனக்கூட்டம்போல் வரும். இரண்டு விமானங்கள் உரசினால் ஆட்டம் தீர்ந்தது.

இந்த விளையாட்டு மெல்போர்னில் பிறந்தது ஒரு தற்செயல் என்றும், நியாயப்படி இது நாமக்கல்லில் பிறந்திருக்க வேண்டியதென்றும் நம் மணியக்காரர் கருதுகிறார். அது வெறும் ஊர் அபிமானமன்று. லாரிக்குப் பாடி கட்டுவதும், கோழி வளர்ப்பதும், முட்டைக்கும் காஸுக்கும் வண்டி அனுப்புவதுமாகப் பிழைக்கிற இவ்வூரில், ஒரு புக்கிங் ஆபீஸ்காரர் காலையில் கண்விழித்ததும் செய்வது என்ன? மங்களூர் போன டேங்கர் எங்கே நிற்கிறது, முட்டை ஏற்றிய வண்டி பாலக்காடு தாண்டியதா, நாகபுரியில் வெறும் வண்டியாக நிற்பதற்கு ரிட்டர்ன் லோடு கிடைக்குமா என்று நாலு திசையையும் மனத்தில் ஏந்தி, ஒன்றோடொன்று முட்டாமல் ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் சேர்ப்பதுதானே அவர் ஜீவனம்? ஆகையால்தான், பாதை காலியாகும்வரை விமானம் ஆகாயத்திலேயே வட்டமடித்துக் காத்திருப்பதை முதன்முதலாகப் பார்த்தபோது அவர் கேட்ட கேள்வி தொழில் ஞானம் ததும்புவதாயிருந்தது: "ஏனுங்க, இது இத்தனை நேரம் சுத்துதே, ஹால்டிங் பணம் யாருங்க குடுப்பாங்க?"

அவருடைய லட்சணங்களில் முக்கியமானது, மோதல் எதற்கும் தாம் காரணமில்லை என்ற திடசித்தம். "அந்த ஹெலிகாப்டர்க்காரன் குறுக்கே வந்துட்டான்" என்பார், ஹெலிகாப்டரில் யாரோ ஒருவன் பீடி பற்றவைத்துக்கொண்டு கவனம் தவறியதைக் கண்ணால் கண்டவர்போல. இரண்டாவது லட்சணம், கூட்டம் சேர்ப்பது. டீ கொண்டுவந்த பையன் கிளாஸை எடுக்க மறந்து தோளுக்குப் பின்னால் நின்று, "மாமா, மேக்கால ஒண்ணு வருதுங்க" என்பான். லோடு கேட்டு வந்த டிரைவர் தம் லோடை மறந்து, "மஞ்சளைக் கொஞ்சம் ஒடிச்சு விடுங்க ஓனர்" என்பார். மூன்றாவது, அந்த வேளையில் வீட்டிலிருந்து போன் வந்தால், மணி அடிக்கும் அந்த க்ஷணத்தில் எங்கேயோ இரண்டு விமானங்கள் மோதுவது. அன்று இரவு சோறு ஆறிப்போயிருப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு.

மெய்யான ஆகாயத்தில் இந்த வேலை எப்படித் தொடங்கிற்று என்பதைக் கேட்டால் அவர் மனம் இன்னும் குளிரும். 1929-இல் அமெரிக்காவில் செயின்ட் லூயி விமான நிலையத்தில் ஆர்ச்சி லீக் என்பவர், ஒரு தள்ளுவண்டியில் குடையும் நாற்காலியும் மத்தியானச் சாப்பாடும் வைத்து மைதானத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், இரண்டு கொடிகளை வைத்துக்கொண்டு, ஒன்றைக் காட்டி 'வா' என்றும் மற்றொன்றைக் காட்டி 'நில்' என்றும் விமானங்களுக்குச் சொன்னாராம். லாரியின் பின்புறம் நின்று, "வரட்டும்... வரட்டும்... போதும்!" என்று பாடியைத் தட்டுகிற நம் கிளீனர் பையனுக்கு அவர் ஒருவகையில் மூதாதை. இன்றோ ஒரு விமானத்துக்கு மேல் ஆயிரம் அடி தள்ளி இன்னொன்று போகும்படி அடுக்கிவைத்து, கண்டிரோலர்கள் உயரத்தையும் கணக்கில் கொள்கிறார்கள். செல்போன் ஆகாயத்திலோ உயரம் என்ற தத்துவமே இல்லை. எல்லா விமானமும் ஒரே மட்டத்தில் நெரிகிற அந்த ஆகாயம், ஏறக்குறைய முகூர்த்த நாளில் நம் பஸ் ஸ்டாண்டு.

நாளெல்லாம் செய்யும் வேலையையே ஓய்வு நேரத்திலும் ஒரு மனிதர் விளையாட்டாகச் செய்வானேன் என்று நான் வெகுகாலம் யோசித்ததுண்டு. காரணம் அந்தக் கோட்டில் இருக்கிறது. நாம் கிழித்த கோட்டைத் தாண்டாத மனிதர் என்று இவ்வுலகத்தில் எவரைக் காட்டமுடியும்? கிருஷ்ணகிரி வழியாகப் போ என்றால் டிரைவர் மாமனார் ஊர் வழியாகப் போகிறார். இஞ்ஜினீயரிங் படி என்று அனுப்பிய மகன் சினிமா எடுக்கப்போவதாக எழுதுகிறான். இந்த விமானம் ஒன்றுதான், கோணலாக இழுத்தால் கோணலாகவும், வட்டமாக இழுத்தால் வட்டமாகவும், எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் போகிறது. அந்த இன்பத்துக்காக, ஜெயம் என்பதே இல்லாத, எத்தனை நூறு விமானத்தை இறக்கினாலும் முடிவில் ஒரு மோதலிலேதான் நிற்கிற ஒரு விளையாட்டை அவர் மறுபடியும் மறுபடியும் ஆரம்பிக்கிறார்.

இத்தனைக்கும் நாமக்கல்லில் விமான நிலையம் கிடையாது. இவ்வூரில் இறங்கிய முதல் ஆகாயப் பிரயாணி ஆஞ்சநேய சுவாமிதான். அவர் கமலாலயத்தில் நீராட இறங்கினார். கொண்டுவந்த சாளக்கிராமம் கீழே வைக்கப்பட்டது. மறுபடி ஏற்ற முடியாமல் அது நாமகிரி மலையாகிவிட்டது என்பது ஸ்தல புராணம். அன்றுமுதல் 18 அடி உயரத்தில், தலைக்குமேல் கூரையின்றி, ஹால்டிங் கேட்காமல் நின்றுகொண்டிருக்கிறார். மற்றவர்கள் ஓமலூருக்கு அருகே கமலாபுரத்திலுள்ள சேலம் விமான நிலையத்துக்குத்தான் போகவேண்டும். அங்கிருந்து 2018-இல் உடான் திட்டத்தின்கீழ்ச் சென்னைக்கு விமானம் விட்டார்கள், இடையில் நின்றது, 2023 அக்டோபரில் மறுபடி பறக்கத் தொடங்கிற்று.

மகன் அழைத்தான் என்று ஒருமுறை சென்னைக்குப் புறப்பட்ட மணியக்காரரிடம், விமானத்தில் போனால் ஒரு மணி நேரந்தானே என்று சொல்லிப் பார்த்தேன். அவர் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலே தலையை ஆட்டினார்.

"அதெல்லாம் எவனோ போட்ட கோட்டுல போறதுங்க. நமக்குச் சரிப்படாது."

சென்னைக்கு அவர் இன்றும் ராத்திரி பஸ்ஸில்தான் போகிறார். டிரைவருக்குப் பக்கத்தில், முதல் சீட்டில், தூங்காமல்.