பெரியப்பா தட்டினார், நானும் தட்டினேன்

மனிதன் தனக்கு வேண்டிய நற்சான்றிதழைத் தானே எழுதித் தானே கையெழுத்தும் போட்டுக்கொள்பவன். சிரிக்கத் தெரிந்த விலங்கு, சமைக்கத் தெரிந்த விலங்கு, அரசியல் செய்யும் விலங்கு என்று பட்டியல் நீளும். அதில் நெடுநாள் தாக்குப்பிடித்தது ‘கருவி செய்யும் விலங்கு’ என்ற பட்டம். 1960-இல் அதற்கும் ஆபத்து வந்தது. ஆப்பிரிக்காவின் கோம்பே காட்டில் டேவிட் கிரேபியர்ட் என்ற சிம்பன்சி ஒரு குச்சியைக் கரையான் புற்றுக்குள் விட்டு, ஒட்டிவந்த கரையான்களைச் சாவகாசமாகச் சாப்பிட்டது. குச்சியில் இலை இருந்தால் அதை உருவிவிட்டுச் செய்தது. பார்த்துக்கொண்டிருந்த ஆய்வாளர் ஜேன் குடால் தன் குரு லூயி லீக்கிக்குத் தகவல் அனுப்பினார். லீக்கி மூன்று வழி சொன்னார்: கருவி என்றால் என்ன என்பதை மாற்று, மனிதன் என்றால் யார் என்பதை மாற்று, இரண்டும் முடியாவிட்டால் சிம்பன்சியையும் மனிதனாகச் சேர்த்துக்கொள். மூன்றாவது வழியை யாரும் தொடவில்லை. வாக்காளர் பட்டியலில் ஏற்கெனவே குழப்பம் போதாதா?

அடுத்த அவமானம் அமெரிக்காவில். 1990 வாக்கில் தொல்லியலாளர் நிக்கலஸ் டோத், கான்சி என்ற போனபோ குரங்குக்குக் கல் உடைக்கக் கற்றுக்கொடுத்தார். தின்பண்டப் பெட்டியைக் கயிற்றால் கட்டிவைப்பார்கள். கயிற்றை அறுக்கக் கூரான சில்லு வேண்டும். கல்லைக் கல்லால் பக்குவமாகத் தட்டினால் சில்லு பெயரும். இதுதான் பாடம். கான்சி சிலகாலம் தட்டிப் பார்த்தது. பிறகு கல்லை ஓங்கித் தரையில் எறிந்தது. கல் சிதறியது, சில்லு கிடைத்தது, கயிறு அறுந்தது. இது பாடத்திட்டத்தில் இல்லையே! தரையில் கம்பளம் விரித்தார்கள். கான்சி கம்பளத்தை விலக்கிவிட்டு மறுபடி எறிந்தது. எனக்கென்னவோ நியாயம் கான்சி பக்கம்தான் தெரிகிறது.

நம் முன்னோர் வகையறா அப்படியில்லை, நல்ல பிள்ளைகள். கென்யாவின் லொமெக்வியில் கிடைத்த 33 லட்சம் ஆண்டுப் பழைய கற்கள் வெறும் முரட்டுச் சாமான்கள். ஆனால் சுமார் 17 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கைக்கோடரி வந்ததும் கதை மாறிவிட்டது. இரு முகமும் செதுக்கி, இடமும் வலமும் ஒத்துப்போக, நீர்த்துளி போல ஒரு வடிவம். கறி அறுக்கச் சாதாரணச் சில்லே போதும். அதற்கு அழகு எதற்கு? யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆப்பிரிக்கா, இந்தியா, இங்கிலாந்து என்று பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் மேலாக ஏறக்குறைய அதே மாடல்தான் ஓடியிருக்கிறது.

திருவள்ளூர் மாவட்டத்தில், கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் அதே மாடல்தான். சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி அங்கே இந்தத் தொழில் நடந்து சுமார் 15 லட்சம் ஆண்டு ஆகிறது. பட்டறைக்காரர்களுக்குப் பேச்சு வந்ததா என்பதே சந்தேகம். வந்திருந்தால் இப்படித்தான் போயிருக்கும்:

“பெரியப்பா, கூர் வந்துடுச்சே, போதாதா?”

“இடது பக்கம் கொஞ்சம் தூக்கலா இருக்கு பாரு.”

“கறி அறுக்க இடது பக்கம் எதுக்கு?”

“எங்க அப்பா தட்டினாரு.”

“அவருக்கு யாரு சொன்னா?”

“அவங்க அப்பா. வாயை மூடிட்டுத் தட்டுடா.”

இங்கிலாந்துப் பெரியப்பா ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஃபர்ஸ் பிளாட் என்ற இடத்தில் கிடைத்த அவருடைய கைக்கோடரி 30 சென்டிமீட்டருக்கும் அதிக நீளம். ஒரு கையில் பிடித்து வேலை செய்வது கஷ்டம், நாலு பேரிடம் காட்டுவது சுலபம். பெண்ணைக் கவரத்தான் இந்த அலங்காரமெல்லாம் என்று 1999-இல் மாரெக் கோனும் ஸ்டீவன் மிதனும் எழுதினார்கள். மற்ற ஆய்வாளர்கள் பலர் இதை ஒப்பவில்லை. கல்யாண மண்டபத்து வாசலில் அரைமணி நேரம் நின்று பார்த்திருந்தால் ஒப்பியிருப்பார்கள்.

சரி, இத்தனை மெனக்கெடலுக்கும் உள்ளே என்ன மூளை வேலை செய்தது? கண்டுபிடிக்கும் மூளை என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். 2005-இல் விக்டோரியா ஹார்னரும் ஆண்ட்ரூ வைட்டனும் ஒரு பெட்டியைத் திறந்து பரிசு எடுத்துக் காட்டினார்கள். நடுவே தேவையே இல்லாத சில தட்டல்களையும் சேர்த்தார்கள். பெட்டி ஒளிபுகும் பெட்டியாக இருந்தபோது, இளம் சிம்பன்சிகள் வீண் வேலையைத் தள்ளிவிட்டு நேரே பரிசுக்குப் போயின. மூன்று, நான்கு வயது மனிதக் குழந்தைகளோ வீண் தட்டலையும் சேர்த்து ஒன்று விடாமல் செய்தார்கள். தேர்வில் முதலிடம் குரங்குக்குத்தான்.

ஆனால் அந்த மந்தபுத்திதான் நம் மூலதனம். ‘இது எதற்கு’ என்று கேட்டுக் கேட்டு வெட்டுகிற புத்திசாலி தனக்குப் புரிந்த அளவுக்கு மட்டுமே கற்றுக்கொள்வான். புரியாததையும் சேர்த்து வாங்கிக்கொள்பவன் தன்னைவிடப் பெரிய அறிவையும் அடுத்த தலைமுறைக்குக் கடத்திவிடுவான். கணினி நிரல் எழுதுபவர்களைக் கேட்டுப் பாருங்கள். ‘இந்த வரி எதற்கென்று தெரியாது, எடுத்தால் எல்லாம் நின்றுவிடும்’ என்று குறிப்பு எழுதிவைத்துவிட்டுச் சம்பளம் வாங்கும் பெரியப்பாக்கள் அங்கே நிறைய.

இந்தக் காப்பியடிக்கும் குணத்தால் நமக்கு இன்னொரு லாபமும் உண்டு. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ராபர்ட் புரூஸ் ஃபூட் சரளை மண்ணில் ஒரு கல்லைப் பார்த்தார். வயது 28. பாறை ஆராய வந்த மனிதர். உள்ளூரில் அது வெறும் கல். அவருக்கோ உடனே புரிந்துவிட்டது. பிரான்சிலும் இங்கிலாந்திலும் கிடைத்த கைக்கோடரிகளைப் பற்றி அவர் முன்பே அறிந்திருந்தார். பல்லாவரத்துப் பெரியப்பா மட்டும் சொந்தமாக யோசித்துப் புது டிசைன் போட்டிருந்தால் ஃபூட் அதைத் தாண்டிப் போயிருப்பார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தையும் கண்டுபிடித்தார்கள்.

ஃபூட் சேர்த்த கற்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. போனால் சிலைகளைப் பார்த்த கையோடு அவற்றையும் பாருங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: அத்திரம்பாக்கத்தில் முதன்முதலாகக் கல் தட்டிய அந்தப் பெரியப்பா நம் இனத்தவரே இல்லை. ஹோமோ சேபியன்ஸ் பிறக்க அப்போது இன்னும் பத்து லட்சம் ஆண்டுகளுக்கு மேல் பாக்கி இருந்தது.